டிஷ்வாஷர் சுத்தமா ஆஃப் ஆயிடுச்சா? மிஷினைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு அயர்ன் பாக்ஸை எடுங்க

கேள்வி: நேத்து வரைக்கும் நல்லா ஓடின டிஷ்வாஷர், இன்னைக்கு பவர் பட்டனை அமுக்கினா ஒரு லைட்கூட எரியல. சாக்கெட்ல டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன், எரியுது. உள்ள இருக்குற எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கும்னு சொல்றாங்க. வீட்டுலயே ஏதாவது பண்ண முடியுமா?

பதில்:

"டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன், எரியுது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலே. இதே வரியை நம்பித்தான் நான் ரெண்டு சாயங்காலத்தை வீணாக்கினேன்.

எங்க மிஷின் ஒரேயடியா நிக்கல. முதல் வாரம் பாதி ஓடும்போதே ஆஃப் ஆகும், ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். அப்புறம் ஒருநாள் மொத்தமா அடங்கிருச்சு. மெக்கானிக் வந்தார், டெஸ்டரை சாக்கெட்ல விட்டார், எரிஞ்சுது, "பவர் வருது சார், போர்டு போச்சு, ஆர்டர் போட்டுடறேன்"ன்னுட்டு கிளம்பிட்டார். மொத்தம் அஞ்சு நிமிஷம். எனக்கு மனசு ஒப்பல, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு உக்காந்துட்டேன், கீழ் தகட்டைக் கழட்டி, கதவோட வெளிப் பலகையைக் கழட்டி, போர்டை டார்ச் அடிச்சுப் பார்த்தா புத்தம் புதுசு மாதிரி இருக்கு. கருகின அடையாளம் எங்கயுமே இல்ல. மல்ட்டிமீட்டர் ஒண்ணு கடன் வாங்கி சாக்கெட்ல வெச்சா 228 வோல்ட் காட்டுது. சரி, மெக்கானிக் சொன்னதுதான் போலன்னு எல்லாத்தையும் மூடி வெச்சுட்டேன்.

மறுநாள் வேற வேலையா வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவர் மிஷின் பக்கமே திரும்பல. "அயர்ன் பாக்ஸ் இருக்கா?"ன்னார். அதே சாக்கெட்ல செருகி, ஃபுல்லுக்குத் திருப்பினார். லைட்டும் எரியல, சூடும் ஆகல. பக்கத்து ரூம்ல போட்டா உடனே சூடாகுது. "டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் வருதுன்னு அர்த்தம் தம்பி, திரும்பிப் போக வழி இருக்கான்னு அது சொல்லாது"ன்னு சொல்லிட்டு மெயினை ஆஃப் பண்ணி சாக்கெட்டைக் கழட்டினார், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஸ்க்ரூ லூஸாகி, வயர் நுனி கருகி, பிளாஸ்டிக் அந்தப் பக்கம் மட்டும் உருகிக் கிடந்துச்சு.

டெஸ்டருக்குள்ள இருக்கிறது ஒரு சின்ன நியான் பல்பு. ஃபேஸ்ல, அதாவது கரண்ட் வர்ற வயர்ல தொட்டா, நம்ம உடம்பு வழியா போற துளியூண்டு கரண்ட்லயே எரிஞ்சிடும், அதுக்கு நியூட்ரல் தேவையே இல்ல. மல்ட்டிமீட்டராவது சொல்லியிருக்கணுமேன்னு தோணும், ஆனா அதுவும் இந்த இடத்துல ஏமாத்தும், ஏன்னா சாதாரண டிஜிட்டல் மீட்டரோட உள் தடை பத்து மெகா ஓம் அளவுல இருக்கும், கருகின ஜாயிண்ட்ல சில ஆயிரம் ஓம் இருந்தாலும் அதுக்கு எதிர்ல தூசு மாதிரி, அதனால முழு வோல்ட்டேஜையும் காட்டும். அயர்ன் பாக்ஸ் மாதிரி நிறைய கரண்ட் இழுக்குற லோடு போட்டாத்தான் வண்டவாளம் வெளியே வரும்.

அந்த ஸ்க்ரூ ஏன் கருகணும்? டிஷ்வாஷர்ல கரண்ட் குடிக்கிறது தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர்தான், பம்ப்பும் போர்டும் எடுக்கிறது கொஞ்சம். 2000 வாட் ஹீட்டர்னு வெச்சுக்கங்க, 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். ஸ்க்ரூ லூஸாகி அந்த ஜாயிண்ட்ல வெறும் அரை ஓம் தடை வந்தாலே போதும், 8.7-ஐ 8.7-ஆல பெருக்கி பாதியாக்கினா சுமார் 38 வாட், அதாவது சாக்கெட்டுக்குள்ள ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வெச்ச மாதிரி. சூட்டுல செம்பு கறுக்கும், கறுத்தா தடை கூடும், தடை கூடினா இன்னும் சூடு. எங்க மிஷின் முதல் வாரம் பாதில நின்னு, ஆறினப்புறம் ஓடினதுக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது, ஹீட்டர் ஆன் ஆகுற நேரம் பார்த்து ஜாயிண்ட் கைவிட்டிருக்கு. இதனாலதான் 6 ஆம்பியர் சாக்கெட்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ இந்த மிஷினைப் போடக் கூடாதுங்கிறது, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட் நேரடியா வேணும்.

அதனால நீங்க முதல்ல இதைப் பண்ணுங்க. பிளக்கை உருவி பின்களைப் பாருங்க, ஏதாவது ஒரு பின் மட்டும் பழுப்பாவோ கறுப்பாவோ இருக்கா, பிளாஸ்டிக் கருகின வாடை அடிக்குதா. அப்படி இருந்தா சோதனையே வேண்டாம், அந்த லைனுக்கான எம்சிபியை (மெயின் பாக்ஸ்ல இருக்குற சுவிட்ச்) இறக்கிட்டு ஆளைக் கூப்பிடுங்க. சுத்தமா இருந்தா அதே சாக்கெட்ல அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ போட்டு ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க, பக்கத்துலயே நில்லுங்க. சூடாகலன்னாலோ, விட்டு விட்டு எரிஞ்சாலோ, சரசரன்னு சத்தம் வந்தாலோ உடனே நிறுத்திடுங்க, கோளாறு சுவர்ல இருக்கு. சாக்கெட்டை மட்டும் மாத்தினா பத்தாது, கருகின நுனியை நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு புதுசா சீவி இறுக்கணும், பிளக்கும் வெந்திருந்தா அதையும் மாத்தணும், வெந்துபோன பின்னை புது சாக்கெட்ல செருகினா அதையும் கெடுத்துடும். எங்க வீட்ல ரெண்டையும் மாத்தினோம். பிளக்குக்குள்ள எர்த் வயரை மத்த ரெண்டை விட கொஞ்சம் நீளமா விட்டார் அண்ணன், கேபிளை யாராவது இழுத்தா எர்த் கடைசியா பிடுங்கணுமாம்.

அயர்ன் பாக்ஸ் நல்லா சூடாகுதுன்னா, இப்பத்தான் மிஷின் பக்கம் திரும்பணும். சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, பிளக்கையே உருவிடுங்க, சில வீட்ல சுவிட்சு நியூட்ரல்ல போட்டிருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் மிஷினுக்குள்ள ஃபேஸ் இருக்கும். உருவினப்புறமும் அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஃபில்டர் கப்பாசிட்டர்ல தேங்கியிருக்குற கரண்ட் அடங்கட்டும். தண்ணிக் குழாயையும் மூடிடுங்க. மேடைக்கு அடியில இருந்து மிஷினை வெளியே இழுத்தா, கதவைத் திறந்து ரெண்டு பாத்திரத் தட்டையும் ஒண்ணா வெளியே இழுக்காதீங்க, மிஷின் அப்படியே முன்னாடி கவுந்துடும் (எனக்கு கவுந்துது, கால் தப்பிச்சது கொஞ்சத்துல). அடித் தகடு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கங்க. வயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

உள்ள பார்க்குற வரிசை கரண்ட் போற வழிதான். பவர் கேபிள் மிஷினுக்குள்ள வந்து சேருற டெர்மினல்ல கருகல் இருக்கா பாருங்க, சுவர்ல நடக்குற அதே கதை அங்கயும் நடக்கும். மீட்டரை கண்டின்யூட்டில (வயர் அறுபடாம இருந்தா பீப் அடிக்கிற மோடு) வெச்சு பிளக் பின்ல இருந்து அந்த டெர்மினல் வரைக்கும் மூணு வயரையும் தனித்தனியா பாருங்க, அப்புறம் நாய்ஸ் ஃபில்டர் (கரண்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்டுற சின்ன டப்பா), உள்ள போற ரெண்டும் வெளியே வருதா. அதுக்கப்புறம் கதவு லாக்ல இருக்குற மைக்ரோ சுவிட்ச். நிறைய மிஷின்ல கதவு சரியா மூடலைன்னாலும் லைட் எரியும், ஓடத்தான் ஓடாது, ஆனா சில மாடல்ல மொத்த பவரும் அந்த சுவிட்ச் வழியாத்தான் போகும், அது போனா மிஷின் பொணம் மாதிரி கிடக்கும். இன்னொரு இடம் யாருமே பார்க்க மாட்டாங்க, போர்டு கதவுல இருக்குற மாடல்னா வயர் கட்டு கதவுக் கீல் ஓரமா வளைஞ்சு போகும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதுவும் மடங்கி மடங்கி, சில வருஷத்துல மேல் தோல் நல்லா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும். மீட்டரை வெச்சுக்கிட்டே கதவை மெதுவா ஆட்டினா பீப் விட்டு விட்டு வரும், பிடிச்சிடலாம்.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் போர்டு. அதுலயும் முழுசா மாத்தணும்னு அவசியமில்ல, சில போர்டுல ஹீட்டரை ஆன் பண்ற ரிலேவோட கால்ல சால்டர் வெடிச்சு வளையம் மாதிரி தெரியும், சில சமயம் உள்ள வர்ற இடத்துல இருக்குற ஃபியூஸோ வேரிஸ்டரோ (வோல்ட்டேஜ் எகிறினா போர்டைக் காப்பாத்துறது) போயிருக்கும், எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிஞ்ச ஆள் கைல குடுத்தா பார்த்துடுவார். தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினா அறுந்துபோறது) எரிஞ்சிருந்தா வயரைப் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது எரிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கும்.

உங்க கேஸ் இது இல்லன்னு நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிடறேன், சுவிட்ச்போர்டுல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) விழுந்துதான் மிஷின் ஆஃப் ஆகுதுன்னா கதையே வேற, அது லீக்கேஜ். ஓட ஆரம்பிச்சு தண்ணி சூடாகுற நேரத்துல கரெக்டா விழுதுன்னா ஹீட்டர் மேல சந்தேகப்படுங்க. மேல சொன்ன 2000 வாட் ஹீட்டர்னா ரெண்டு முனைக்கு நடுவுல 25-ல இருந்து 30 ஓம் வரைக்கும் காட்டினா சுருள் நல்லா இருக்குன்னு அர்த்தம், ஆனா முனைக்கும் பாடிக்கும் நடுவுல எதுவுமே காட்டக் கூடாது. சாதாரண மீட்டர் சில வோல்ட்லதான் சோதிக்கும், அதுல தப்பிச்ச லீக்கேஜ் 500 வோல்ட்ல சோதிக்கிற மெகர்ங்கிற மீட்டர்ல மாட்டும். அதே மாதிரி, பம்ப் மட்டும் நிக்காம கொர்ருனு ஓடிக்கிட்டே இருந்தா அது பவர் பிரச்சனை இல்ல, அடித் தட்டுல தண்ணி தேங்கி, மிதவை மேல வந்து பம்பை ஓட விட்டிருக்கும்.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். சாக்கெட்டும் பிளக்கும் மாத்தி, மிஷினைப் போட்டா டொய்ங்னு வழக்கமான சத்தத்தோட எழுந்துக்கிச்சு. நாலு நாள் கழிச்சு மெக்கானிக் போன் பண்ணார், "போர்டு வந்துருச்சு சார், எப்ப வரட்டும்?" மிஷின் ஓடிக்கிட்டிருக்குன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அப்படித்தான் சார் ரெண்டு நாள் ஓடும், மறுபடி நின்னுடும்"னார்.

ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் அவருக்கு போன் பண்ற வேலை வரல.