எடின்பரோவா, ஆஹனா: நண்பர்கள் எங்கே கிடைப்பார்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கூச்ச சுபாவம், மதுவைத் தொடமாட்டான், கைப்பந்து என்றால் உயிர். எங்கே போனால் தனித்துப்போகாமல் இருப்பான்?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: இரண்டு ஊரிலும் நண்பர்கள் கிடைப்பார்கள் அம்மா. வாசல்தான் வேறு. அது தெரியாமல் போய் அறைக்குள் முடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் சங்கம்தான் வாசல். மாணவர் ஒன்றியத்துக்கென்றே 1889இல் கட்டிய டெவியட் ரோ ஹவுஸ் எடின்பரோவில் இன்றும் நிற்கிறது. அவ்வளவு பழைய மரபு. செப்டம்பரில், வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வரவேற்பு வாரத்தில், விவாதம், நாடகம், மலையேற்றம் என்று நூற்றுக்கணக்கான சங்கங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும். கண்டதற்கெல்லாம் சந்தா கட்ட வேண்டாம். முதலில் ஓரிரு கூட்டங்களுக்குப் போய்ப் பார்க்கட்டும். விளையாட்டு அணிகளுக்கான தேர்வும் பருவத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டுதான். விசா தாமதமாகி அக்டோபரில் போய் இறங்கினால் குழுக்கள் அதற்குள் கூடிவிட்டிருக்கும். கூட்டம் முடிந்ததும் பலர் பப்புக்குப் போவார்கள். உடன் போய் எலுமிச்சைச் சோடா குடித்தால் போதும். போகாமலே இருந்தால்தான் பேச்சு அறுந்துவிடும்.

ஜெர்மனியில் அப்படியொரு பெரிய சங்கச் சந்தையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அங்கே முதல் துணை ‘ஃபாக்‌ஷாஃப்ட்’ எனப்படும் துறை மாணவர் அமைப்பு. அக்டோபரில் வகுப்புகளுக்கு முன்பே புதியவர்களைச் சேர்த்து ஊர் சுற்றிக் காட்டுவார்கள். காலை உணவுக்குக் கூப்பிடுவார்கள். பழைய வினாத்தாள்கள்கூட அவர்களிடம் கிடைப்பதுண்டு. கைப்பந்துக்குப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையம் இருக்கிறது, கட்டணம் குறைவு. ஆனால் பிரபலமான வகுப்புகள் பதிவு திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு கணினி முன் உட்கார வேண்டும். மூன்றாவது, ‘வேகே’ எனப்படும் பகிர்ந்து வாழும் வீடு. அங்கே சமையலறையில்தான் நட்பு வளர்கிறது. சாம்பார் வாசனைக்கு எட்டிப்பார்க்காதவர் குறைவு.

ஓர் எச்சரிக்கை. பழைய மாளிகையில் மிகக் குறைந்த வாடகைக்கு அறை, ஆண்களுக்கு மட்டும் என்று விளம்பரம் வந்தால், அது ‘ஃபெர்பிண்டுங்’ என்னும் பழைய மரபு மாணவர் கழகத்தின் வீடாக இருக்கலாம். சிலவற்றில் வாள்வீச்சு கட்டாயம். 1815இல் யேனா நகரில் தோன்றிய ‘புர்ஷென்ஷாஃப்ட்’ என்ற மாணவர் கழக மரபில் வந்தவற்றில் சில தீவிர வலதுசாரிப் போக்குள்ளவை. எல்லாம் அப்படியல்ல, ஆனாலும் யாருடைய வீடு, என்ன கடமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திட வேண்டாம்.

படிப்பின் தரமும் செலவும் உங்களுக்குச் சமமாகப் பட்டால், நான் ஆஹன் பக்கமே சாய்வேன். கூச்சமுள்ளவனுக்கு நூறு மேசைகளின் நடுவே நிற்பதைவிட, வாரந்தோறும் அதே ஐந்து பேருடன் வலைக்கு இந்தப் பக்கம் நிற்பது எளிது. ஈராண்டுப் படிப்பு என்பதால் அவகாசமும் உண்டு. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் ஆடுகளத்தில் கூப்பிடுவது பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும். கோவையிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே மையம் இருக்கிறது. புறப்படுவதற்குள் ஏ2 எனப்படும் இரண்டாம் அடிப்படை நிலையையாவது முடித்துக்கொள்ளட்டும்.