மாமியாரின் முழங்காலும் இருபது மாடிக் கப்பலும்

கேள்வி: நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். பதினோரு வயதில் பையன், இரண்டரை வயதில் பெண். வரும் மார்ச்சில் மாமனாரும் மாமியாரும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். ஆறு பேருமாக மயாமியிலிருந்து ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ உல்லாசக் கப்பலில் ஒரு வாரம் போய் வரலாம் என்கிறார் கணவர். ஆறு பேருக்கும் ஒரே அறை கிடைக்குமாம். போய் வந்த ஒரு தோழி ‘சொர்க்கம்’ என்கிறாள். இன்னொருத்தியோ ‘தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி இருந்தது’ என்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். மாமனார் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து காபி தேடுவார். எங்களுக்கு இது சரிப்படுமா? எந்த மாதிரி அறை எடுப்பது?
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்:

உங்கள் தோழிகள் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எந்த மாதம் போனார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஐகானில் 2,805 அறைகள். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் 5,610 பயணிகள். ஆனால் சோஃபாவையும் சுவரில் மடித்து வைத்த கட்டிலையும் விரித்தால் 7,600 பேர் வரை ஏறலாம். பள்ளி நடக்கும் மாதங்களில் அந்தக் கூடுதல் படுக்கைகள் பெரும்பாலும் மடித்தே கிடக்கும். விடுமுறை வந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை படுத்திருக்கும். கப்பல் அதேதான், கூட்டம்தான் வேறு. நீங்கள் சொல்லும் மார்ச், அமெரிக்கப் பள்ளிகளின் வசந்த விடுமுறை மாதம். பையனின் பள்ளிக்கு ஒரு வாரம் லீவு சொல்ல முடியுமானால், விடுமுறைக்கு முன்போ பின்போ தள்ளிப் போடுங்கள். முடியாதென்றால் ரங்கநாதன் தெருவுக்குத் தயாராகிப் போங்கள்.

நான் போன வருடம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஐகானில் போய் வந்தேன். ஏறிய முதல் நாள் சாயங்காலம், கடைத்தெரு மாதிரி இருக்கும் உள்வீதி, மேலே மரமும் செடியுமாக ஒரு பூங்கா, பின்பக்கம் ராட்டினம் என்று எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் அம்மாவை உட்கார வைத்தேன். காலை நீட்டிக்கொண்டு அம்மா கேட்டது: “அதெல்லாம் சரி, கடல் எங்கடி?”

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அறை தேடினால் பாதிக் குழப்பம் தீரும். பழைய கப்பல்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை. இந்தப் புதுக் குடும்பக் கப்பல்களைத் தன்னையே பார்த்துக்கொள்கிற மாதிரி கட்டுகிறார்கள். நம் ஊரில் முற்றம் வைத்த வீடு இருக்கிறதே, அதே அமைப்பு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். ஐகானின் எட்டாவது மாடியில் இருக்கும் ‘சென்ட்ரல் பார்க்’, நிஜச் செடிகள் வைத்த அப்படி ஒரு முற்றம். பின்பக்கம் ஏழாவது மாடியில் இருக்கும் ‘சர்ஃப்சைடு’ இன்னொன்று, அது சின்னப் பிள்ளைகளின் பேட்டை. இந்த முற்றங்களைப் பார்த்தபடி பால்கனி வைத்த அறைகள் உண்டு. கடல் பார்க்கும் அறையைவிட வாடகை பெரும்பாலும் குறைவு, படத்தில் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் எதிர் பால்கனிக்காரர் ஈரத்துண்டைக் காயப்போடுவது நமக்குத் தெரியும், நாம் கொட்டாவி விடுவது அவருக்குத் தெரியும். பால்கனியில் லுங்கியோடு உட்கார நினைக்கும் மாமனாருக்கு இந்த அறை வேண்டாம்.

அதற்காகக் கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கெட்டிக்காரத்தனமான வேலை. பின்லாந்தின் துர்க்கு நகரில், மேயர் கப்பல் தளத்தில் கட்டிய கப்பல் இது. 2024 ஜனவரி 27-ல் மயாமியிலிருந்து முதல் பயணம் போனது. நீளம் 365 மீட்டர், டைட்டானிக்கை விட ஏறக்குறைய நூறு மீட்டர் அதிகம். இத்தனை பெரிய கூட்டம் ஒரே இடத்தில் மொய்க்காமலிருக்க, கப்பலை எட்டுப் பேட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். நீச்சல் குளங்களும் ஒன்றல்ல, ஏழு. சறுக்குகள் ஒரு மூலையில், வயசுப் பிள்ளைகளின் பாட்டும் கூத்தும் வேறு மூலையில், சின்னக் குழந்தைகள் தனியாக. சர்ஃப்சைடில் குழந்தை தண்ணீரில் விளையாடும், பக்கத்திலேயே பெரியவர்களுக்கு ஒரு குளம், நாலடி தள்ளிச் சாப்பாடு. குழந்தையைக் கண்ணில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிடலாம். கைக்குழந்தையோடு பயணம் போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போது அந்த ஆறு பேர் அறை. ‘ஃபேமிலி இன்ஃபினிட் பால்கனி’ என்று விற்கிறார்களே, உங்கள் கணவர் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலோடு தனியாக ஒரு சின்னப் பொந்து, குளிக்க ஓரிடமும் கழிப்பறை வேறிடமுமாகப் பிரித்த வசதி. நன்றாக யோசித்துச் செய்த அறைதான். பால்கனி மட்டும் நாம் நினைக்கிற பால்கனி இல்லை. வெளியே தனித் திண்ணை கிடையாது, அறையே கடல் ஓரம் வரை நீள்கிறது. பொத்தானை அமுக்கினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும், கைப்பிடியில் சாய்ந்து காற்று வாங்கலாம். காற்று பலமாக இருந்தால் கப்பல்காரர்கள் அதை மூடிப் பூட்டிவிடுவதும் உண்டு.

சரி, யார் எங்கே படுப்பது? பெரிய கட்டில் ஒன்று, அடுக்குக் கட்டில், மிச்சம் சோஃபாவை விரித்துப் போடும் படுக்கை. கட்டிலை மாமனார் மாமியாருக்குக் கொடுத்தால் நீங்கள் இருவரும் ஒரு வாரம் சோஃபாவில். நீங்கள் கட்டிலை எடுத்துக்கொண்டால் முழங்கால் வலிக்காரர் சோஃபாவில். அப்புறம் இரண்டரை வயதுக்காரி அடுக்குக் கட்டிலில் தனியாகத் தூங்கமாட்டாள், உங்களிடம்தான் வருவாள். நாலு மணிக்கு மாமனார் எழுந்து விளக்கைப் போடுவார். பணம் மிச்சமாகும் என்பது உண்மை. எட்டாவது நாள் யாரும் யாரோடும் பேசாமல் டல்லாஸ் விமானத்தில் ஏறுவீர்கள் என்பதும் உண்மை.

இரண்டு அறை எடுங்கள். நடுவில் கதவு வைத்து இணைத்த அறைகள் உண்டு, கேட்டு வாங்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த அறைகள். பெரியவர்கள் அறை கடலைப் பார்த்த சாதாரண பால்கனியோடு இருக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலில் அவர்கள் பொழுதில் பாதி அந்த நாற்காலியில்தான் போகும், சறுக்கில் இல்லை.

அறை எந்த இடத்தில் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். ‘ஏதாவது ஒன்று, நாங்களே ஒதுக்கித் தருகிறோம்’ என்கிற மலிவுச் சீட்டு உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. மாடி வரைபடத்தை விரித்து, கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குக் கிட்டே, ஆனால் லிஃப்டை ஒட்டி இல்லாமல் ஓர் அறை பாருங்கள். மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் அறைகளே இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு கப்பலில் (பெயர் வேண்டாம்) எங்களுக்குக் கிடைத்த அறை நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் நாற்காலி போட ஆரம்பிப்பார்கள். இரும்புத் தரையில் நூறு நாற்காலி இழுபடும் சத்தம் நம் தலைக்கு மேலே. மூன்றாவது நாள் எனக்கு எந்த வரிசை போடுகிறார்கள் என்றே சொல்லத் தெரிந்தது.

நடுப்பகுதி என்று நான் அடித்துச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று முழங்கால். முன்னுனியிலிருந்து பின்னுனிக்கு நடந்தால் 365 மீட்டர், போய்த் திரும்பினால் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. குழந்தைகள் இடம் பின்கோடி, தண்ணீரில் குதித்து சர்க்கஸ் காட்டும் ‘அக்வாடோம்’ முன்கோடி. மத்தியானம் அங்கே, சாயங்காலம் இங்கே என்றால் மாமியாருக்குத் தாங்காது. வீட்டில் வாக்கரோ சக்கர நாற்காலியோ வாங்கலாமா என்ற பேச்சு இருந்தால், இந்தப் பயணத்துக்கு முன்பே முடிவெடுங்கள். வாடகைக்கும் எடுக்கலாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். ‘நான் நல்லாத்தானே நடக்கிறேன்’ என்பார். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

இன்னொரு காரணம் ஆட்டம். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் உட்கார்ந்தவன்தான் ஏறி இறங்குவான், நடுவில் இருப்பவனுக்கு அவ்வளவு தெரியாது. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். இவ்வளவு பெரிய கப்பலில், அதுவும் புயல் காலமான ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களை விட்டுப் போகும்போது, ஆட்டம் பெரிய தொந்தரவாக இருக்காது. ஆனாலும் கடல் கடல்தான். குமட்டலுக்கு மாத்திரை கொண்டுபோகலாம். பெரியவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு அது சேருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில மாத்திரைகள் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் கூட்டும்.

லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஏறி மாடி எண்ணை அமுக்கும் வழக்கம் இங்கே இல்லை. வெளியே திரையில் மாடியைத் தொட்டால், எந்த எழுத்துள்ள லிஃப்டில் ஏற வேண்டும் என்று காட்டும். தெரியாமல் திறந்த லிஃப்டில் ஏறிவிட்டால், அது போகிற இடத்துக்கெல்லாம் நாமும் போக வேண்டியதுதான். முதல் நாளே மாமனாரை இரண்டு தடவை தனியாகப் போய் வரச் சொல்லுங்கள். ஒரே மாதிரி நீண்டு கிடக்கும் தாழ்வாரங்களில் அறையைக் கண்டுபிடிக்க, கதவில் காந்தத்தோடு ஒரு பிள்ளையார் படம் ஒட்டினோம். கதவு இரும்பு, காந்தம் பிடித்துக்கொள்ளும்.

மகளுக்கு இரண்டரை வயது என்றீர்கள். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காசு கேட்காத பிள்ளைகள் மன்றம் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயபர் விட்ட பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே காப்பகம் உண்டு, மணிக்கணக்கில் கட்டணம். டயபர் போடும் குழந்தையை, நீச்சல் டயபரே ஆனாலும், பொதுக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கான சுகாதார விதி அது. சின்னதுகளுக்கென்று தனியாக விட்டிருக்கும் நீர்விளையாட்டு இடத்தில் மட்டும் விளையாடலாம். ஆறு மாதம் தள்ளிப் போட்டால் மூன்று வயதாகிவிடும், ஆனால் அப்போது புயல் காலம், மாமனார் மாமியாரும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். பையனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆறு நீர்ச்சறுக்குகள் இருக்கின்றன, உயரம் அளந்து விடுவார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் வருவான்.

சாப்பாட்டில் சைவம் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிட்டு, முதல் நாள் இரவு உணவுக்கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் சொல்லுங்கள். இந்தியர்கள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள், மறுநாளே ஒரு பருப்பும் காய்கறியும் தனியாக வந்துவிடும். மீன், முட்டை, சூப்பில் போடும் இறைச்சிச்சாறு எல்லாவற்றையும் பெயர் சொல்லி ‘கூடாது’ என்று சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒரே சொல்லை நம்பி மாமியாரை விட்டுவிடாதீர்கள். வீட்டில் செய்த முறுக்கை ஏற விடமாட்டார்கள், கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் என்றால் பிரச்சினை இல்லை.

நாலு மணிக் காபிதான் சிக்கல். அறைக்கு மின்கெட்டில் கொண்டுபோகத் தடை, தீ பயம். நாங்கள் செய்தது இது. இரவு சாப்பிட்டுத் திரும்பும்போது பஃபே கூடத்தில் நல்ல ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் பிடித்துக்கொள்வோம். இன்ஸ்டன்ட் காபித்தூள், பால் பவுடர், சர்க்கரைப் பொட்டலங்கள் அறையில் இருக்கும். விடிகாலையில் அம்மா தானே கலக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். டிகிரி காபி இல்லைதான். இருட்டில் கடலைப் பார்த்துக் குடிக்கும்போது அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் விசா பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். நாட்டை விட்டுப் போய்த்தானே திரும்புகிறீர்கள். நீங்கள் எச்-1பி (அமெரிக்க வேலை விசா) ஆட்களாக இருந்து, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால் இன்னும் கவனம். பக்கத்திலிருக்கும் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ போய் முப்பது நாளுக்குள் திரும்புபவர்களுக்கு இருக்கும் சலுகை, பஹாமாஸ் மாதிரித் தீவுகளுக்குப் போகும் எச்-1பிகாரர்களுக்குப் பொருந்தாது. பணம் கட்டும் முன்பே வழித்தடத்தை வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் குளியலறை. வழுக்காத தரைதான், ஆனால் வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு, உள்ளே திரும்ப இடம் குறைவு. முழங்கால் நிஜமாகவே மோசமென்றால், அந்தத் தடுப்பில்லாத, கைப்பிடிகள் வைத்த அறைகள் சில உண்டு, தேவைப்படுபவர்களுக்கு மட்டும் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். வாளியோ சொம்போ எந்த அறையிலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் சொம்பை மறக்காமல் பெட்டியில் வையுங்கள், மாமியார் பெட்டியில் வேண்டாம், உங்கள் கைப்பையிலேயே. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டுவந்து தருவார்கள்.