குண்டுவீச்சு இரவுகளில் வானொலி ஏன் மங்கியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் கால லண்டன் பற்றிய நினைவுக்குறிப்புகளில், ஜெர்மன் விமானங்கள் வரும் இரவுகளில் பிபிசியின் ஒலி திடீரென்று மங்கிக் கரகரத்துவிடும் என்று படித்தேன். எதிரி குறுக்கிட்டானா? ஆபத்து இருந்ததென்றால் ஒலிபரப்பையே ஏன் நிறுத்தவில்லை? 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புக்கும் இதே கதிதானா?

ச., கோவை

அன்புள்ள ச.,

எதிரியின் வேலை அல்ல. பிபிசி பொறியாளர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட மங்கல் அது.

மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் (வானொலி அலையை அனுப்பும் நிலையம்) ஒவ்வொன்றும் எதிரி விமானிக்கு ஒரு கலங்கரை விளக்கம். விமானத்தில் இருக்கும் வளைய ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் ஒலி அடங்கிவிடும். நிலையம் இருக்கும் திசையை அது காட்டிக்கொடுக்கும். இடம் தெரிந்த இரண்டு நிலையங்களை இப்படி அளந்து வரைபடத்தில் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் புள்ளியில் விமானம் இருக்கிறது.

இதைக் கெடுக்கத்தான் 1939 செப்டம்பர் 1 அன்று வட்டார நிகழ்ச்சிகளையும் தேசிய நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டு, ஹோம் சர்வீஸ் என்ற ஒரே சேவையைத் தொடங்கினார்கள். டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டு குழுக்களாயின. ஒன்று 391 மீட்டர் அலைநீளத்தில் (767 கிலோஹெர்ட்ஸ்), மற்றது 449 மீட்டரில் (668 கிலோஹெர்ட்ஸ்). ஒரு குழுவில் உள்ளவை எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியைத் தந்தன. பல திசைகளிலிருந்து கலந்து வரும் அலையில் ஒலி அடங்கும் கோணம் தெளிவாகக் கிடைக்காது. கிடைத்தாலும் பொய்த் திசையாக இருக்கும்.

ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் வந்துவிட்டால் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்காது. அங்கே அதன் அலையே மற்றவற்றை அமுக்கிவிடும். ஆகவே ஏறத்தாழ 25 மைலுக்குள் எதிரி வந்தால் பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டின் உத்தரவுப்படி அந்த ஒன்றை மட்டும் மூடுவார்கள். குழுவில் மற்றவை தொடரும். லண்டனுக்கு அருகிலுள்ள புரூக்மன்ஸ் பார்க் மூடப்பட்டதும், லண்டன்வாசியின் வானொலிப் பெட்டியில் அதே இடத்தில் தொலைதூர டிரான்ஸ்மிட்டர்கள் கேட்கும். ஒலி குறையும். தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு உள்ள பெட்டி அதை ஈடுகட்ட உணர்திறனைக் கூட்டும்போது இரைச்சலும் கூடவே ஏறும். நீங்கள் படித்த கரகரப்பில் ஒரு பங்கு இது.

இன்னொரு பங்கு, கிட்டத்தட்ட சம வலுவுள்ள இரண்டு அலைகள் சேர்வதால் வருவது. இரவில் அயனி மண்டலத்தில் (வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கில்) பட்டுத் திரும்பும் அலைகளின் பாதை நீளம் மாறிக்கொண்டே இருக்கும். ஒலியைச் சுமந்து வரும் ஊர்தி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் கணத்தில், ஒலியின் தகவல் அடங்கிய பக்க அலைகள் மட்டும் மிஞ்சுவதால் பேச்சே சிதைந்துபோகும். ஒரு குழுவின் டிரான்ஸ்மிட்டர்களுடைய அதிர்வெண்ணும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். 6,68,000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு ஹெர்ட்ஸ் பிசகினாலும் ஒலி வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அலைவரிசை மாறாததால் குமிழைத் திருகிப் பயனில்லை. சட்டகத்தில் கம்பி சுற்றிய ஆன்டெனா உள்ள பெட்டியாக இருந்தால், பெட்டியையே மெல்லத் திருப்பி ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒதுக்கலாம். அப்போது பேச்சு ஓரளவு தெளியும்.

1940இல் இதற்கு ஒரு பரிகாரம் தொடங்கினார்கள். 203.5 மீட்டரில், ஊருக்கு ஒன்றாகக் குறைந்த திறனுள்ள சிறு டிரான்ஸ்மிட்டர்கள். சில மைல் தூரமே எட்டும் என்பதால் பெரியது மூடிய பிறகும் அவை தொடரலாம். படையெடுப்பு வந்து ஓர் ஊர் துண்டிக்கப்பட்டாலும் அங்கே குரல் கேட்கும்.

முழுக்க நிறுத்தியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியில் பார்க்கலாம். பிரிட்டிஷ் விமானங்கள் நெருங்கியதும் அங்கே பல நிலையங்கள் மௌனமாகிவிடும். அந்த மௌனமே தாக்குதலின் அறிவிப்பாயிற்று. வதந்தி பரவ ஏற்ற நேரமும் அதுதான். கேட்கும் தரத்தை விட்டுக்கொடுத்துத் தொடர்ச்சியைக் காப்பாற்றிய பிபிசியின் முடிவு சரியானதென்றே உறுதியாக நினைக்கிறேன். ஆனால் விலை சிறியதல்ல. ஆறு ஆண்டுகள், 1945 ஜூலை வரை, வட்டாரச் சேவைகள் இல்லை. அதே அலைவரிசையில் கூட்டாளி டிரான்ஸ்மிட்டர்கள் இல்லாமல் தனித்து நின்ற டிராய்ட்விச் ஊரின் நெட்டலை டிரான்ஸ்மிட்டரையும் உள்நாட்டுச் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தமிழ் ஒலிபரப்பு சிற்றலையில் வந்தது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி நம்மிடம் வரும்போது அது மங்கியதற்கு அயனி மண்டலத்தின் மாற்றங்கள்தான் முதன்மைக் காரணம். அதற்குப் பரிகாரம், ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் வெவ்வேறு சிற்றலை மீட்டர்களில் விடுவது. ஒன்று மங்கினால் நேயர் அடுத்ததற்குக் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம்.