அரிசித் தண்ணீர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் டியாகோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் சிறு பீர் ஆலைகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலக நண்பர்களோடு ஏதாவது ஒன்றுக்குப் போவோம். எனக்குப் பிடித்தது லேசான லாகர் வகை பீர்தான். போன வாரம் அதைக் கேட்டதும் ஒரு நண்பர், "அரிசித் தண்ணி குடிக்கவா இங்க வந்தே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருடம் முன்புவரை அவரும் அதைத்தான் குடித்தார். ரசனை வளர்ந்தால் மனிதர்கள் இப்படித்தான் ஆவார்களா? அல்லது எனக்குத்தான் ரசனை இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த அரிசியிலிருந்தே தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள், ஊரில் குடித்த லாகரை அங்கே காய்ச்ச முயன்றார்கள். கதிரில் ஆறு வரிசை மணி பிடிக்கும் அமெரிக்க பார்லியில் புரதம் அதிகம். பீர் கலங்கியது, கனத்தது. அரிசியும் மக்காச்சோளமும் சேர்த்தபோது தெளிந்தது. ஒரு தொழில்நுட்பச் சிக்கலுக்குக் கண்ட நல்ல தீர்வு அது. உங்கள் நண்பர் டிரிப்பல் என்ற போதை கூடிய பெல்ஜிய பீரைக் குடிப்பவராக இருந்தால் அதில் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். போதை ஏறவேண்டும், ஆனால் நாக்கில் கனம் கூடாது, அதற்காகத்தான். சர்க்கரையை மரபு என்றும் அரிசியைக் கலப்படம் என்றும் பிரிப்பது நாக்கு செய்கிற வேலை இல்லை.

லேசான லாகர் காய்ச்சுவது எளிது என்ற எண்ணமும் தவறு. ஏல் என்ற இன்னொரு பீர் வகையின் ஈஸ்ட் இருபது டிகிரி வாக்கில் வேகமாக நொதிக்கும். லாகர் ஈஸ்ட்டுக்குப் பத்து டிகிரி குளிர் வேண்டும். அதன்பின் உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் கிடக்கவேண்டும். அவசரப்பட்டால், நொதிக்கும்போது உண்டாகும் டயசிட்டைல் என்ற பொருள் தங்கி வெண்ணெய் வாசனை அடிக்கும். கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்ட ஐ.பி.ஏ. என்ற ஏல் வகையில் சிறு பிழைகள் அந்தக் கசப்புக்கும் வாசனைக்கும் அடியில் மறைந்துவிடும். லாகரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காய்ச்சுகிறவர்கள் பலர் இன்னொரு ஆலைக்குப் போனால் முதலில் பில்ஸ்னர் என்ற வெளிர் லாகரை வாங்கிப் பார்ப்பது அதனால்தான்.

உண்மையில் எனக்கு வருத்தம் வேறொன்றில். 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஜாக் மெக்காலிஃப் கடற்படை வேலையில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது குடித்த ஏலை மறக்கமுடியாமல், 1976இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் பழைய சாமான்களைக் கொண்டு நியூ ஆல்பியன் ஆலையைக் கட்டினார். சில வருடங்களில் அது மூடப்பட்டது. வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். 1980இல் கென் கிராஸ்மன் சிக்கோவில் பால்பண்ணைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். "இதையும் குடித்துப் பார்" என்று அடுத்தவர் கையில் கோப்பையைக் கொடுத்து வளர்ந்த இயக்கம் இது. அதன் பெயரால் ஒருவர் கையிலிருக்கும் கோப்பையைக் கேலி செய்வதை என்னால் ஏற்கமுடியவில்லை.

சிறு ஆலை ஆர்வலர்களின் கோபம் எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். 2011இல் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை ஏபி இன்பெவ் என்ற பெரும் பீர் நிறுவனம் வாங்கியபோது எழுந்த கோபத்தில் நியாயம் இருந்தது. கடை அலமாரியும் மதுக்கூடக் குழாய்களும் பெருநிறுவனத்தின் பிடிக்குள் போனால் சிறு ஆலைக்கு இடம் ஏது? அந்தக் கோபம் நிறுவனத்தின் மீது இருக்கட்டும். மேசைக்கு எதிரே இருப்பவன் மீது எதற்கு?

ரசனை வளர்ந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டீர்கள். வளர்ந்துகொண்டிருக்கும்போது ஆகலாம். உங்கள் நண்பர் இரண்டு வருடம் முந்தைய தன்னையே பார்த்துச் சிரித்தார் என்று நினைக்கிறேன். பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவோமோ என்கிற பயம் புதிதாகக் கற்றவர்களுக்கு உண்டு. உங்களுக்கு ரசனை இருக்கிறது. சிரிப்புக்கு நடுவிலும் உங்கள் நாக்கு சொன்னதை நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லையே!

அடுத்த வெள்ளிக்கிழமையும் லாகரே கேளுங்கள். காய்ச்சுகிறவர் அங்கே இருந்தால், இதை எத்தனை வாரம் குளிரில் வைத்தீர்கள் என்று விசாரியுங்கள். அவர் பதில் சொல்லும்போது நண்பரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்.