பாரிஸ் - வியன்னா ரயில்: வழியில் எந்த ஊரில் இறங்கலாம்?

கேள்வி: அறுபதைத் தாண்டிய பெற்றோருடன் பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் செல்ல இருக்கிறோம். வழியில் ஸ்ட்ராஸ்பூர், ஸ்டுட்கார்ட், உல்ம், மியூனிக், சால்ஸ்பர்க் என ஐந்து ஊர்களிலும் சில மணி நேரம் இறங்கிப் பார்க்க ஆசை. ஒரே டிக்கெட்டில் இப்படி இறங்கி ஏறலாமா? ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் ரயிலில் செல்ல உதவும் யூரெயில் பாஸ் வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: முதலில் பட்டியலிலிருந்து ஸ்டுட்கார்ட்டையும் மியூனிக்கையும் அடித்துவிடுங்கள். ஸ்டுட்கார்ட் நிலையத்தில் 2010-இல் தொடங்கிய மறுகட்டுமானம் இழுத்துக்கொண்டே போகிறது. பிளாட்பாரத்திலிருந்து ஊருக்குள் வருவதற்கே பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். மியூனிக் அருமையான ஊர். ஆனால் அதற்கு இரண்டு நாளாவது வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒரு கடைத்தெருவைப் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டியதுதான்.

சில மணி நேரமே இறங்குவதென்றால், ஊரின் புகழைவிட ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, ஜெர்மனியின் கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே 157 மீட்டர் உயரக் கதீட்ரல் நிற்கிறது. பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அதிவேக ரயில் நிற்கும் நிலையமோ ஊரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தள்ளி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் வரைபடத்தில் இதைப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கணக்கில் உங்கள் பாதையில் உல்ம்தான் தங்கம். நிலையத்திலிருந்து பத்து நிமிடம், மேடு பள்ளமில்லாத கடைவீதியில் நடந்தால் பேராலயம் வந்துவிடும். 161.5 மீட்டர் கோபுரம். 2025-இல் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா முந்தும் வரை உலகிலேயே உயரமான தேவாலயம் இதுதான். கோபுரத்தின் 768 படிகளை உங்கள் பெற்றோர் ஏற வேண்டியதில்லை. உள்ளே போய், பாடகர் குழுவுக்காக 15-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ஓக் மர இருக்கைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இருக்கைகளின் ஓரங்களில் பண்டைய அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள், ஒவ்வொன்றும் தனி முகம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மீனவர் குடியிருப்பு, அதையொட்டி டான்யூப் ஆறு. வியன்னாவில் நீங்கள் பார்க்கப்போவதும் இதே ஆறுதான். நான்கு மணி நேரம் தாராளம்.

ஸ்ட்ராஸ்பூரில் ஓர் இரவு தங்குங்கள். பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கதீட்ரலில் உள்ள வானியல் கடிகாரத்தில் பகல் 12.30-க்கு இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம் வரும். அதற்கேற்ப மறுநாள் ரயிலை வைத்துக்கொள்ளுங்கள். சால்ஸ்பர்க்கிலும் ஓர் இரவு. கோட்டைக்கு விஞ்ச் ரயில் இருப்பதால் முதியவர்களுக்குச் சிரமமில்லை.

பாஸ் உங்களுக்கு வேண்டாம். பாரிஸ் - ஸ்ட்ராஸ்பூர், ஸ்ட்ராஸ்பூர் - உல்ம் - சால்ஸ்பர்க், சால்ஸ்பர்க் - வியன்னா என உங்களுக்கு மூன்று பயண நாள்களே தேவை. பல நாடுகளுக்குமான யூரெயில் பாஸ் குறைந்தது நான்கு நாள் கொண்டது. 60 வயதானவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு என்றாலும், பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவியில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாள் உறுதியானால் ஒவ்வொரு பயண நாளுக்கும் ஒரு டிக்கெட் என முன்கூட்டியே எடுப்பதே லாபம்.

ஆனால் மலிவு டிக்கெட், அதில் குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். நினைத்த இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏற முடியாது. இதற்கு ஜெர்மன் ரயில்வேயின் தளத்தில் வழி இருக்கிறது: தேடும்போதே உல்மை இடைநிறுத்தமாகச் சேர்த்து, எத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டால் ஒரே டிக்கெட்டாக வரும். அந்நிறுவனத்தின் மிக மலிவான ‘சூப்பர்’ வகையை ரத்து செய்தால் பணம் திரும்பாது. பெற்றோருடன் போகும்போது அடுத்த வகையை எடுங்கள்.

கேள்வி: ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால்?

பதில்: ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் நஷ்டம் உங்களுடையது. மலிவு டிக்கெட்டை ஒரே பயணமாக எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள்.

உல்மில் பெட்டிகளை நிலைய லாக்கரில் வைக்கும்போது பாஸ்போர்ட்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை யூரோ நாணயங்களும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஜெர்மனியில் அன்று கடைகள் மூடியிருக்கும், பேராலயத்திலும் காலையில் வழிபாடு நடக்கும்.