ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கும் முன்

கோத்தகிரி பக்கம் அரவேனுவிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலை அவருக்கு. பச்சை இலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டு, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர். மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 141. கோவையில் ஒரு கல்லூரியில் ‘செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல்’ படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதாம். விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம். நிலத்தை அடகு வைத்தாவது சேர்த்துவிடுங்கள் என்கிறார் பெண்ணின் தாய்மாமன். பெண்ணோ வெப் டெவலப்பர், அதாவது இணையதளங்களை உருவாக்கிப் பராமரிப்பவர், ஆக வேண்டும் என்கிறாள். அது கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் படிக்கிற சமாச்சாரம், இனி அதையும் ஏஐ செய்துவிடும் என்று சொந்தபந்தங்கள் சிரிக்கிறார்கள். ‘தூக்கமே வரவில்லை, என்ன செய்யட்டும்?’ என்று கேட்கிறார்.

ஐயா, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் எழுதினால் உங்களுக்கு இன்றிரவு தூக்கம் வரும். அடுத்த பதினோரு ஆண்டுக்கு வராது. எப்படி என்று சொல்கிறேன்.

பத்து லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கி ஏழு ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 17,100 ரூபாய். படிக்கும் நான்கு ஆண்டில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவரின் சம்பளம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பெங்களூரில் அறை வாடகையும் சாப்பாடும் போக அந்தப் பெண்ணால் எவ்வளவு அனுப்ப முடியும்? மிச்சத்தை இலைக் காசில்தான் கட்ட வேண்டும். அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது மைத்துனர் அல்ல, நீங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ‘நன்கொடை’ என்று தனியாகக் கேட்டிருந்தால், அப்படி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரசீது தராத பணத்தை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படிப்பின் பெயரில் மயங்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதலாண்டுப் பாடம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024–25 முதல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ தளர்த்திவிட்டது. அதற்குப் பிறகு கணினி சார்ந்த இடங்கள் குவிந்து கிடக்கின்றன. குவிந்து கிடக்கும் இடத்துக்கு நிலத்தை அடகு வைக்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணத்தை ஏற்றிருக்கும், அப்போது நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் மகளுக்கு அந்த வழி இல்லை. பாலிடெக்னிக், நர்சிங், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றைத் தாண்டிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சித்தப்பாவின் தங்கும் விடுதிக்கு யாரோ செய்துகொடுத்த இணையதளம் மலைப்பாதையில் சிக்னல் குறைந்த இடங்களில் திறக்கவே இல்லை என்று, அதைச் சரிசெய்ய இவள் இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்தாள், ‘இப்படி நேரத்தை வீணாக்குகிறாள்’ என்று. நான் அந்தக் கடிதத்தில் அக்கறையோடு படித்தது அந்த வரியைத்தான். புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இன்னொருவர் அரைகுறையாக விட்டதை எடுத்து, எங்கே தடுக்கிறது என்று பொறுமையாகத் தேடுகிற குணம் அபூர்வம். அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது ஆண்டுக்கு மேலாக வெப் டெவலப்பர். பட்டம் பி.எஸ்சி. இயற்பியல். அவர் தொழிலுக்கு வந்தபோது பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்குவதும், முகப்பில் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓர் அசைபடம் ஓடவிடுவதும்தான் பெரிய வித்தை. 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷின் கதை முடிந்தது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசருக்காக அவர் கற்றுவைத்திருந்த குறுக்குவழிகள் ஒரு புத்தகம் தேறும். அந்த பிரவுசரையே 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தளம் கட்ட உதவும் நிரல் கருவிகளும் அப்படித்தான்: 2006இல் வந்த ஜேக்வெரியில் கைதேர்ந்தார், பிறகு ஆங்குலர்ஜேஎஸ், பிறகு 2013இல் வெளிவந்த ரியாக்ட். இதில் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவும் 2022 ஜனவரியோடு நின்றது. இப்படிக் கற்றதெல்லாம் செத்துக்கொண்டே இருந்தால் அவர் எப்படி நிற்கிறார்?

அடியில் இருப்பது சாகவில்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல், அதற்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ், பிரவுசரும் தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் முறை, டேட்டாபேஸில் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல், லினக்ஸ் கட்டளைகள். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி 1991இல் உலகுக்குத் திறந்துவிட்ட முதல் இணையதளம் இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது. இந்த அடித்தளத்தைச் சரியாகப் பிடித்தவருக்கு மேலே வருகிற புதுக் கருவி சில வாரப் பாடம்தான்.

இன்று அவருக்கு வரும் வேலையில் பெரும்பங்கு பழைய தளங்களை மீட்பது. உங்கள் மொழியில் சொன்னால், கிழட்டுத் தேயிலைச் செடியைப் பிடுங்காமல் கவாத்து செய்து மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 பதிப்பில் எழுதிய தளம் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன என்று உரிமையாளருக்குத் தெரியாது. யாரோ ஊடுருவிய பிறகு அலறுவார்கள். இவர் முதலில் காப்புநகல் எடுத்து, அந்த நகல் உண்மையிலேயே திரும்பத் திறக்கிறதா என்று சோதித்து, பிறகுதான் ஒரு வரியைத் தொடுவார். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன்னால் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த தமிழ்ப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், எந்தத் தேடலிலும் சிக்காது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி எழுத்துப் பிழை பார்ப்பது தமிழும் நிரலும் சேர்ந்து தெரிந்தவரால்தான் ஆகும். இன்னொன்று, அவர் எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும், எதைச் செய்ய முடியாது என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாக எழுதிக் கொடுப்பார். இருபது ஆண்டு அனுபவத்தில் மிக விலை உயர்ந்த திறமை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒரு பிரிவு. இணைய அணுகல்தன்மை. கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், காது கேளாதவர் எல்லோரும் ஒரு தளத்தைப் பயன்படுத்தும்படி செய்வது. பார்வையற்ற ஒருவர் ரயில் டிக்கெட் எடுக்கிறார் என்றால், திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவருக்கு வாசித்துக் காட்டும். பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் வெறும் படத்தை ஒட்டியிருந்தால் அது ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். எந்தப் பொத்தான்? பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் அந்த மென்பொருள் தமிழை வாசிக்கத் தடுமாறும். மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே படிவம் முழுவதையும் நிரப்ப முடிகிறதா, சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் விதித்தொகுப்பு இருக்கிறது. 1999இல் முதல் பதிப்பு, 2023 அக்டோபரில் வந்தது 2.2. ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மூன்று நிலைகள், மொத்தம் 86 விதிகள். மனப்பாடம் செய்கிற விஷயமில்லை, தளம் தளமாகச் சோதித்துப் பழக வேண்டியது.

இதைத் தர்மகாரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேட்கிறது. அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்கள், கண்ணை இமைக்கச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புச் சோதனையைத் தாண்ட முடியாமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கடை, வங்கி, பயணச்சீட்டு விற்பவர்கள் தங்கள் தளங்களை இப்படி அமைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே விற்கிற இந்திய நிறுவனங்களுக்கும் இதைச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கற்கவும் காசு அதிகம் வேண்டாம். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். டபிள்யூ3சி நடத்தும் அறிமுகப் பாடத்தை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிறகு, கையில் நான்கு வேலை சேர்ந்த பின், அணுகல்தன்மை வல்லுநர்களுக்கான ஐஏஏபி அமைப்பின் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம், அதற்குக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டிலேயே அதற்கு ஓட வேண்டாம்.

ஏஐ விஷயத்தில் உங்கள் உறவினர்கள் பாதி சரி. ஒரு கடைக்கு நான்கு பக்கத்தில் தளம் செய்து ஐயாயிரம் வாங்குகிற பிழைப்பு தேய்ந்துகொண்டிருக்கிறது, அதை நம்பி உங்கள் மகள் வரக் கூடாது. ஆனால் ஏஐ எழுதிக் கொடுக்கும் நிரலைப் படித்து, இது சர்வரைச் சாய்க்கும், இது வாடிக்கையாளர் விவரத்தை வெளியே விடும், இது பார்வையற்றவருக்கு வேலை செய்யாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து தேடிய பெண் அதற்கான ஆள்தான். ‘மூன்று மாதத்தில் ஃபுல் ஸ்டாக்’, அதாவது தளத்தின் முகப்பும் பின்னணியும் முழுதாகக் கற்றுத்தருகிறோம் என்று அறுபதாயிரம் கேட்கும் பயிற்சி மையங்களைப் பொறுத்தவரை உறவினர்கள் முழுக்கச் சரி. வாசற்படி மிதிக்காதீர்கள்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விண்ணப்பியுங்கள். கணினி அறிவியல் கிடைத்தால் நல்லது, கணிதம் கிடைத்தாலும் குறைவில்லை. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். பட்டம் அவசியமா என்று அவள் கேட்பாள். அவசியம்தான். பல நிறுவனங்கள் பட்டமில்லாத விண்ணப்பத்தைப் பிரிப்பதே இல்லை. மூன்றாண்டு முடிந்ததும் மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையோடு ஓராண்டு பயிற்சி பெறலாம். அது பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், அறிவியல் பட்டதாரிகளுக்கும் உண்டு. முதல் இரண்டு ஆண்டு வருமானம் மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம். அதைத் தாங்கும் அளவுக்கு நிலம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால்தான் அடகு வேண்டாம் என்கிறேன்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, ஆங்கிலத்தில் வாசிக்கச் சோம்பல் கூடாது, இந்தத் தொழிலின் கையேடுகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் நம் மலையில் மின்சாரமும் இணையமும் போகும். வேலையைக் கிட் என்ற கருவியில் சேமித்துப் பழகு. இணையம் இல்லாமலே உன் கணினியில் எல்லா மாற்றமும் பதிவாகும், லைன் வந்ததும் அனுப்பலாம். சித்தப்பா தளத்தில் என்ன பழுது இருந்தது, எதை மாற்றினாய், முன்பு எத்தனை விநாடி, இப்போது எத்தனை விநாடி என்று ஒரு பக்கம் எழுதி வை. வேலை கேட்டுப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அதையும் காட்டு.

ஐயா, கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்குள் இந்தப் பதில் உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். மைத்துனர் உதவியே ஆக வேண்டும் என்று நின்றால், 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லேப்டாப்பும், மின்சாரம் போனாலும் மோடம் ஓட ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கித் தரச் சொல்லுங்கள். பழைய லேப்டாப் என்றாலும் பரவாயில்லை, பேட்டரியை மட்டும் சோதித்து வாங்கச் சொல்லுங்கள்.