வணிகத்துக்கான டிஜிட்டல் மீடியா டிசைன் சான்றிதழ் படிப்பை ஒரு கல்லூரி எப்படி உருவாக்குவது?

சான்றிதழ் படிப்பு என்பது பட்டப்படிப்பின் சுருக்கம் அல்ல. ஒரு வேலைக்கு வேண்டிய திறனை மட்டும் குறுகிய காலத்தில் கற்றுத்தருவது. இங்கே அந்த வேலை, நிறுவனங்களுக்கு லோகோ, விளம்பரப் படம், சிறு வீடியோ, இணையப் பக்கம் எல்லாம் வடிவமைப்பது.

பலர் மென்பொருள் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். சறுக்குவதும் அங்கேதான். ஒருகாலத்தில் டிசைன் வகுப்புகளில் ஃபிளாஷ் மென்பொருள் சகஜம்; அதில் செய்த அசைபடங்களை இணையத்தில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 இறுதியோடு அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பது எந்த மென்பொருளிலும் மாறாது. (சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, பார்வைக் குறைவு உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் WCAG நெறிமுறை.)

அதனால், படிப்பு முடியும்போது மாணவர் கையில் என்னென்ன படைப்புகள் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களை அமைக்கலாம். தையலும் இப்படித்தான்: மெஷின் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அளவெடுக்கத் தெரிய வேண்டும். "லோகோவைப் பெரிதாக்குங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால், உடனே இழுத்துப் பெரிதாக்காமல் ஏன் என்று கேட்பதுதான் அந்த அளவெடுப்பு. என்னைக் கேட்டால், இதற்கே தனிப் பாடம் வைக்கலாம்.

நன்றாக ஓவியம் வரைபவர்கள்தான் இதில் சேர முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துரு, இடைவெளி, நிறம் ஆகியவற்றைப் பழகப் பென்சில் பிடிக்கவே வேண்டியதில்லை.